பாவப்பொறுத்தலும் பறித்த பொருளும்

மன்னார்க் கரையோரத்து மீனவக் கிராமமொன்றில் என் இளமைக் காலத்தின் சில ஆண்டுகள் கழிந்தன. அவ்வூரிலே ஒரு சம்மாட்டியார் இருந்தார். தபசு காலம் வந்துவிட்டால் அவரைப்போல் ஒறுத்தல் செய்பவர் அக்கரையில் எவருமிலர். வெள்ளிதோறும் ஒரு சந்தி இருப்பார். பெரிய வெள்ளியன்று சுடுமணலில் வெறுங்காலுடன் சிலுவைப்பாதை நடப்பார். ஆண்டு தவறாது பாவசங்கீர்த்தனம் செய்வார். கோவில் மணி அவருடைய உபயம். அவருடைய கரைவலையை இழுத்தவர்களோ, தந்தை வாங்கிய முற்பணத்தை மகன் இழுத்துத் தீர்க்க, மகன் வாங்கியதைப் பேரன் இழுத்துத் தீர்க்க, தீராத கடனில் கிடந்தார்கள். கணக்குக் கொப்பி சம்மாட்டியாரின் பெட்டிக்குள் இருந்தது. எழுத்தறிந்த இளைஞன் ஒருவன் எப்படியோ அதைப் பார்த்துவிட்டான். விற்ற விலை ஒன்று, பங்கு பிரித்த விலை வேறொன்று. கேட்கப் போனான். சம்மாட்டியார் கோபிக்கவில்லை. "நான் ஆண்டவரிட்டைச் சொல்லிப்போட்டன் தம்பி. அவரே பொறுத்திட்டார். நீ ஆர் கணக்குக் கேக்க?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதே இதிலுள்ள பயங்கரம். தாம் மன்னிக்கப்பட்டுவிட்டதாக அவர் மெய்யாகவே நம்பினார். கல்வாரியிலே சிந்தப்பட்ட இரத்தம் தம்முடைய கொப்பியையும் கழுவிவிட்டது என்று அவருக்குச் சிறுவயது முதல் போதிக்கப்பட்டிருந்தது. அந்த இளைஞன் வாயடைத்துத் திரும்பினான். அவனும் அதே கோவிலில் அதே ஞானோபதேசம் படித்தவன்.

அந்தக் கேள்வியை அவனுக்காக இன்று எழுப்ப விரும்புகிறேன். ஒருவனுடைய கூலியை மற்றொருவன் திருடிவிட்டு, மூன்றாமவரிடம் மன்னிப்புப் பெற்றுக்கொண்டு, திருட்டுப் பொருளுடன் வீடு திரும்பலாமா? கிறிஸ்தவத்தின் பலியும் பாவப்பொறுத்தலும் இதைத்தான் அனுமதிக்கின்றனவா? அனுமதிக்கின்றன என்று நடைமுறை சொல்கிறது. அனுமதிக்கவில்லை என்று அவர்களுடைய வேதமே சொல்கிறது. நான் இறைநம்பிக்கையின் வாயிலுக்கு வெளியே நிற்பவன். ஆயினும் நம்புகிறவர்களுடைய நூலைக் கொண்டே இதனை நிறுவ முடியும் என்று கருதுகிறேன்.

பலியைப் பற்றிய சட்டப் புத்தகம் லேவியராகமம். ஆடும் மாடும் புறாவும் இரத்தமும் கொழுப்பும் நிறைந்த அந்நூலை இன்று பக்தர்கள்கூடப் பொறுமையாக வாசிப்பதில்லை. அதன் ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு விதி உண்டு. அயலானை ஏமாற்றியவன், அடைக்கலப் பொருளைக் கவர்ந்தவன், கண்டெடுத்ததை மறைத்துப் பொய்யாணை இட்டவன் என்ன செய்யவேண்டும்? கவர்ந்ததை முழுமையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். அதையும் உரியவன் கையிலேயே கொடுக்க வேண்டும். அதன் பின்னரே ஆட்டுக்கடாவைக் குருவிடம் கொண்டு செல்லலாம். வரிசையைக் கவனியுங்கள். முதலிலே மனிதன், பிறகு பலிபீடம். யூத ரபீக்களின் மிஷ்னா இதனை மேலும் கூர்மையாக்கிற்று. கடவுளுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட குற்றத்தைப் பாவநிவாரண நாள் தீர்க்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட குற்றத்தையோ, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்நாளும் தீர்க்காது என்று அது வரையறுத்தது. உபவாசம் எத்துணைக் கடுமையானதாயினும் பயனில்லை.

இயேசு இம்மரபில் வந்தவர். மலைப்பிரசங்கத்திலே, காணிக்கையுடன் பலிபீடத்தண்டை வந்துவிட்ட ஒருவனைப் பாதி வழியில் அவர் நிறுத்துகிறார். உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனுடன் ஒப்புரவாகிவிட்டு வா என்கிறார். குறை யாருக்கு யார்மேல் என்பதை நம் போதகர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் அதை மறந்துவிடு என்பதன்று இப்பகுதியின் பொருள். அவனுக்கு உன்மேல் நியாயமான வழக்கு இருந்தால் பூசையை நிறுத்திவிட்டு எழுந்து போ என்பதே பொருள். இவ்வொரு விதியை ஒரேயொரு ஞாயிறு நாள் நம் கோவில்களில் நேர்மையாக அமல்படுத்தினால், முன்வரிசை ஆசனங்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

வரி வசூலிப்பவனான சகேயுவின் கதை இன்னும் தெளிவானது. அவன் மரத்தில் ஏறினான் என்பது குழந்தைகளுக்குத் தெரியும். இறங்கியபின் தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காய்த் திருப்புவதாகவும் அவன் எழுந்து நின்று அறிவித்தான் என்பது ஏனோ மங்கலாகிவிடுகிறது. அவ்வறிவிப்புக்குப் பின்னரே அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு கூறுகிறார். நான்கு மடங்கு என்பதும் அவன் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்ன கணக்கன்று. திருடப்பட்ட ஆட்டுக்கு யாத்திராகமம் விதித்த தண்டம் அது.

மன்னிப்பு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இயேசு கற்பித்த செபத்தின் மத்தேயு வடிவத்தில் கிரேக்க மூலம் பாவம் என்று சொல்லவில்லை. கடன் என்றே சொல்லுகிறது. அவர் பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கிற்று. கலிலேயாவின் உழவனும் செம்படவனும் கடன் என்ற சொல்லைக் கேட்டபோது ஆன்மாவின் களங்கத்தை மட்டுமா நினைத்திருப்பான்? ஏழாம் ஆண்டிலே கடன்களை விட்டுவிடவேண்டும் என்ற உபாகமச் சட்டத்தையும், அதைத் தட்டிக் கழித்த தன்னூர்க் கடன்காரனையும் சேர்த்தே நினைத்திருப்பான். பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனின் உவமையில் கடனை விடுவிப்பவன் அரசன், விடுவிக்கப்படுபவன் ஊழியன். மன்னிப்பு மேலிருந்து கீழே இறங்குகிறது. வலியவன் எளியவனை விடுவிப்பது அதன் இயல்பான திசை. அந்த ஊழியன் கீழேயிருந்த மற்றொருவனின் கழுத்தை நெரித்தபோது, கொடுத்த மன்னிப்பும் பிடுங்கப்பட்டது. பின்னாளில் நேர்ந்த புரட்டு யாதெனில், இத்திசை முற்றாகத் திருப்பப்பட்டதாகும். எளியவன் வலியவனை மன்னிக்கவேண்டும், கூலி இழந்தவன் சம்மாட்டியாரை மன்னிக்கவேண்டும் என்றாகிவிட்டது. மன்னிக்க மறுத்தால் அவன் பாவி!

இத்திருப்பம் எப்படி நேர்ந்தது? சிலுவை மரணத்தை விளக்கப் புகுந்தவர்களிடம் அதன் வேர்களில் ஒன்றைக் காணலாம். அம்மரணம் பாவத்தை எப்படிப் போக்குகிறது என்பதற்கு ஒரேயொரு விளக்கத்தை எந்தப் பொதுச்சங்கமும் விசுவாசக் கோட்பாடாக அறுதியிட்டதில்லை. ஆகவே ஒவ்வொரு காலமும் தன் சமுதாய அமைப்பின் சாயலிலே ஒரு விளக்கத்தைச் செய்துகொண்டது. அடிமைச் சந்தைகள் நிறைந்த பழைய உரோம உலகிலே ஓரிகன் போன்றோர் அதனை மீட்புப் பணமாகக் கண்டனர். சாத்தானிடம் அடிமைப்பட்ட மனிதனை விலைகொடுத்து வாங்கியதாகக் கூறினர். நீசாவின் கிரகோரியார், மாமிசம் என்ற இரைக்குள் தெய்வீகம் என்ற தூண்டில் மறைந்திருந்தது, சாத்தான் விழுங்கி மாட்டிக்கொண்டான் என்று எழுதினார். நம் கரையோரத்து மக்களுக்கு இவ்வுருவகம் நன்கு பிடித்திருக்கும். இதில் ஒரு நன்மையும் இருந்தது. அடக்கி வைத்திருக்கும் தீய சக்தி ஒன்று உண்டு, அதனிடமிருந்து விடுதலை வேண்டும் என்ற உணர்வு அதில் உயிரோடிருந்தது.

பதினோராம் நூற்றாண்டின் முடிவில், 1098 அளவில், கன்ரபெரிப் பேராயர் அன்செல்ம் தம்முடைய புகழ்பெற்ற நூலை எழுதி முடித்தார். கடவுள் ஏன் மனிதரானார் என்பது அதன் கேள்வி. அவர் கூர்த்த மதியினர். நூலும் தர்க்கத்தில் சிறந்தது. ஆனால் அதன் உலகம் நிலப்பிரபுத்துவ உலகம். பாவம் என்பது கடவுளுக்குரிய மகிமையை அவருக்குச் செலுத்தாமை. பிரபுவின் மானத்துக்கு இழுக்கு நேர்ந்தால், அந்தப் பிரபுவின் தகுதிக்கேற்ற ஈடு செலுத்தப்பட்டாக வேண்டும். அளவற்ற பிரபுவுக்கு அளவற்ற ஈடு. மனிதனால் அது இயலாது. தெய்வ மனிதனால் மட்டுமே இயலும். இந்த நாடகத்தில் இரண்டே பாத்திரங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கடன்பட்டவன் பாவி, கடன் கொடுத்தவர் கடவுள். பாவியின் கையால் அடிபட்டவன் எங்கே? அவனுக்கு மேடையில் இடமில்லை. கூலி இழந்தவனும், கணவனைப் பறிகொடுத்தவளும் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டனர். அப்பாவியின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எத்துணைக் கொடுமை என்று அடுத்த தலைமுறையிலேயே அபெலார் இடித்துரைத்தார். அவரை யார் கேட்டார்கள்?

இதற்கு முன்னோடி விவிலியத்திலேயே உண்டு என்று வாதிடலாம். உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் கொல்வித்தவன் தாவீது. அவன் மனம் வருந்திப் பாடியதாக வழங்கும் ஐம்பத்தோராம் சங்கீதம், கடவுள் ஒருவருக்கு எதிராகவே தான் பாவம் செய்ததாக முறையிடுகிறது. மண்ணுக்குள் கிடந்த உரியா இதனைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? ஆயினும் அதே வேதம் நாத்தான் தீர்க்கதரிசியையும் அரண்மனைக்கு அனுப்புகிறது. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைக் கேட்டு, நான்கு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தவன் அந்தத் தாவீதேதான்.

இன்னொரு சொற்புரட்டும் இங்கு உண்டு. நம் மொழியில் பலி என்றும் தியாகம் என்றும் இரு சொற்கள் இருக்கின்றன. தியாகம் ஒருவன் தானே முன்வந்து தன்னுடையதை ஈவது. பலி பிறன் ஒருவனைப் பிடித்துக் கொடுப்பது. ஆட்டுக்கடா தியாகம் செய்வதில்லை. போதகரோ பிரசங்க மேடையில் இவ்விரு சொற்களுக்குமிடையே வழுக்கிக்கொண்டே இருக்கிறார். இயேசுவின் வாழ்க்கை தியாகம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆலயத்துக் காசுக்காரரின் மேசைகளைக் கவிழ்த்தவர், விளைவை அறிந்தே எருசலேமில் நின்றார். ஆனால் அவருடைய மரணம் ஒரு கொலை. அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரோமப் பேரரசு வைத்திருந்த தண்டனைமுறை சிலுவை. தீர்ப்பளித்தவன் பிலாத்து, நிறைவேற்றியவர் படையினர். கொலையைப் பலி என்று பெயர் மாற்றியதும் கொலையாளி கண்ணுக்கு மறைந்துபோகிறான். கை கழுவிய பிலாத்துவுக்கு இதைவிட நல்ல நீர் கிடைத்திராது.

அப்படியானால் திருச்சபை முழுவதும் இக்கள்ளக் கணக்குக்கு உடந்தையா? இல்லை. பறித்ததைத் திருப்ப வசதியிருந்தும் திருப்பாதவனுடைய பாவம் மன்னிக்கப்படாது என்று அகுஸ்தீனார் மக்கெதோனியு என்பவருக்கு எழுதிய கடிதத்தில் உறுதியாகச் சொன்னார். அக்குவினாவின் தோமையார், பறித்ததைத் திருப்புதல் மீட்புக்கு இன்றியமையாதது என்றார். மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், உத்தரிப்பு என்று பாவசங்கீர்த்தனத் தேவதிரவிய அனுமானத்துக்கு மூன்று உறுப்புக்கள் சொல்லப்பட்டன. நூலில் எல்லாம் இருந்தன. நடைமுறையில் மூன்றாவது உறுப்பு சில அருள்நிறை மந்திரங்களாகச் சுருங்கிவிட்டது. அல்லது விலைக்கு வந்தது. 1515ல் பத்தாம் லியோ வழங்கிய பூரணபலன், புனித இராயப்பர் பேராலயத்தைக் கட்டுவதற்கென்று சொல்லி ஜெர்மனியில் விற்கப்பட்டது. வந்த பணத்தில் பாதி, மைன்ஸ் பேராயர் அல்பிரெக்ட் தம் பதவிக்காக ஃபுக்கர் வங்கியிடம் பட்ட கடனுக்குப் போயிற்று. 1517ல் லூதர் எதிர்த்து எழுந்தார். அது பழங்கதை. ஆனால் விலைச்சீட்டை ஒழித்தவர்களின் சபைகளிலும் பின்னர் மன்னிப்பு இலவசமாயிற்றேயன்றி நீதியாயிற்றா? மனந்திரும்பாமலே கிடைக்கும் மலிவான கிருபையைத் திருச்சபையின் கொடிய பகைவன் என்று 1937ல் எழுதிய லூதரன் போதகர் டீட்ரிக் பொன்ஹோபர், 1945 ஏப்ரலில் நாஸிகளால் தூக்கிலிடப்பட்டார்.

மூன்றாவது உறுப்பை மெய்யாகவே அமல்படுத்த முயன்ற ஒருவரை நாம் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். அவர் பர்த்தொலொமே டி லாஸ் காசாஸ்.

1502ல் ஸ்பானியக் குடியேற்றக்காரனாக ஹிஸ்பானியோலாத் தீவுக்கு வந்தவர் அவர். பின்னர் குருவானார். குருவான பின்னும் ஸ்பானியருக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்ட செவ்விந்தியரைத் தாமும் வைத்து வேலை வாங்கினார். என்கொமியெந்தா என்று அந்த முறைக்குப் பெயர். அம்மக்களின் உழைப்பை ஒருவன் கையில் ஒப்படைத்து, கைம்மாறாக அவர்களுக்கு ஞானஸ்நானமும் போதனையும் கொடுக்கச் சொல்லும் ஏற்பாடு. 1511 டிசம்பரில் சாந்தோ டொமிங்கோவில் தொமினிக்க சபைத் துறவி அந்தோனியோ டி மொந்தெசினோஸ் பிரசங்க மேடையேறி, இம்மக்கள் மனிதரல்லரோ என்று குடியேற்றக்காரரின் முகத்துக்கு நேரே கேட்டார். ஆட்களை விடுவிக்காதவர்களுக்குப் பாவப்பொறுத்தல் கொடுப்பதில்லை என்றும் அத்துறவிகள் தீர்மானித்தனர். லாஸ் காசாசும் ஒருமுறை மறுக்கப்பட்டார். இதனை அவரே எழுதியிருக்கிறார். அப்போது அவர் மனம் மாறவில்லை. துறவியுடன் தர்க்கம் செய்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஆனால் முள் தைத்துவிட்டது.

1514ல் கியூபாவில் பெந்தெகொஸ்தே பிரசங்கத்துக்காக அவர் வேதத்தைப் புரட்டினார். சீராக்கின் ஞான நூலில் முப்பத்துநான்காம் அதிகாரம் கண்ணில் பட்டது. அநியாயமாய்ச் சேர்த்ததிலிருந்து கொடுக்கும் பலி கறைபட்டது. ஏழைகளின் பொருளிலிருந்து பலியிடுபவன், தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்பவனைப் போன்றவன். கூலியாளின் கூலியைப் பறிப்பவன் இரத்தம் சிந்துபவன் என்னும் கருத்துக்கள் அங்கே உள்ளன. (சீர்திருத்தச் சபையாரின் விவிலியத்தில் இந்நூல் இல்லை. அவர்களுடைய தோட்டத்துரைமாருக்கு அது வாய்ப்பாகத்தான் இருந்திருக்கும்.) தாம் ஒவ்வொரு நாளும் பலிபீடத்தில் உயர்த்திய அப்பம் யாருடைய உழைப்பில் விளைந்தது என்ற கேள்வி அவரை உலுக்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் திருநாளன்று, தம்மிடமிருந்த செவ்விந்தியரை விட்டுவிட்டதாகப் பிரசங்கத்திலே அறிவித்தார்.

முப்பது ஆண்டுகள் கழித்து அவர் சியாப்பாசின் ஆயராக வந்தார். 1545 தபசு காலத்தில், செவ்விந்திய அடிமைகளை வைத்திருப்பவர்களுக்குப் பாவப்பொறுத்தல் அளிக்கும் அதிகாரத்தைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். அடிமையை விடு, பிறகு வா. நகரம் கொதித்தெழுந்தது. அவருடைய சொந்தப் பேராலயத்து முதற்குருவே ஆயரின் ஆணையை மீறிச் செல்வர்களுக்குப் பொறுத்தல் கொடுத்தார். சுரண்டலுக்குத் துணைநிற்கும் மலிவான குரு எக்காலத்திலும் அகப்படுவார் போலும்.

பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாருக்கென்று லாஸ் காசாஸ் பன்னிரண்டு விதிகள் கொண்ட கைநூல் ஒன்றை எழுதினார். அதன் நடைமுறை வியக்கத்தக்கது. நாடு பிடித்த போர்வீரன் மரணப்படுக்கையில் பாவசங்கீர்த்தனம் கேட்டால், குரு முதலில் நொத்தாரிசை அழைக்க வேண்டும். சொத்து முழுவதையும் உரியவர்களுக்குத் திருப்பும் அதிகாரத்தைக் குருவுக்கு அளித்து அவன் உறுதி எழுதித்தர வேண்டும். அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டும். எழுத்து முடிந்தபிறகே செவி சாய்க்கலாம். படையெடுப்புகளுக்கு ஆயுதமும் குதிரையும் விற்ற வணிகரும் பொறுப்பிலிருந்து தப்பமுடியாது. கண்ணீரையும் நெஞ்சில் அறைந்துகொள்வதையும் அவர் நம்பவில்லை. முத்திரையிட்ட பத்திரத்தை நம்பினார்! நான் அறிந்த ஆன்மிக நூல்களுள் இதுவே யதார்த்தமானது.

விளைவு என்ன? இந்நூல் ஸ்பானிய மன்னரின் உரிமையையே மறுக்கிறது என்று பகைவர் குற்றஞ்சாட்டினர். 1548ல் பிரதிகளைத் திரட்டிக் கைப்பற்றுமாறு அரசாணை பிறந்தது. பாவப்பொறுத்தலைப் பற்றிய கைநூலொன்றுக்குப் பேரரசு அஞ்சிற்று என்றால், அது சரியான இடத்தில் கை வைத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? 1552ல் செவீயாவில் லாஸ் காசாஸ் அதனை அச்சேற்றிவிட்டார்.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. செவ்விந்தியரின் துயரைக் குறைக்க ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று தொடக்க காலத்தில் யோசனை கூறியவர்களில் அவரும் ஒருவர். பின்னர் அந்த அடிமைத்தனமும் அதே அநீதியே என்று கண்டார். தம்முடைய அறியாமை கடவுளின் தீர்ப்பின்முன் தம்மைக் காக்குமா என்று தமக்குத் தெரியாது என வரலாற்று நூலில் எழுதிவைத்தார். பிறருக்கு மறுத்த எளிய மன்னிப்பைத் தமக்கும் அவர் வழங்கிக்கொள்ளவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2019 பெப்ரவரியில் கிளிநொச்சியில் பேசிய அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, போரில் இரு பக்கத்திலும் தவறுகள் நடந்தன, உண்மையை ஒப்புக்கொண்டு மறந்து மன்னித்து முன்செல்வோம் என்ற கருத்தை வெளியிட்டார். தென்னாபிரிக்காவையும் உதாரணம் காட்டினார். அதே நகரில், கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடக்கம் உட்கார்ந்திருந்தனர். தம் பிள்ளை எங்கே என்பதே அவர்களுடைய கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் மன்னிப்பைக் கேட்பது, உரியவனிடம் போகாமல் ஆட்டுக்கடாவைக் குருவிடம் இழுத்துச் செல்வதற்கு ஒப்பானது. அந்தத் தாய்மாருள் பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லர் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். கிறிஸ்தவத்தின் ஒரு சொல், அதன் நிபந்தனைகள் எல்லாம் உரிக்கப்பட்டு, அரசின் கைக்கருவியாக அவர்கள்மேல் எறியப்படுகிறது.

தென்னாபிரிக்க உதாரணமும் சொல்லப்படுவதுபோல் அத்துணை இனிமையானதன்று. பேராயர் டுட்டு தலைமை தாங்கிய உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 1996ல் விசாரணைகளைத் தொடங்கிற்று. அரசியல் நோக்குடன் செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்தியவனுக்குப் பொதுமன்னிப்புக் கிடைக்கலாம். மனம் வருந்தவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 1977ல் பொலிஸ் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் இதனை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றம் சென்று 1996ல் தோற்றனர். (பிக்கோவைக் கொன்றவர்களுக்கு 1999ல் அம்மன்னிப்பு மறுக்கப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும்.) கொடுமை செய்தோரின் மன்னிப்பு உடனடியாக வழங்கப்பட்டது, கொடுமைக்கு ஆளானோரின் ஈட்டுத்தொகை 2003வரை இழுபட்டு, ஆணைக்குழு பரிந்துரைத்ததற்கு மிகக் குறைவாக, ஆளுக்கு 30,000 ரான்ட் என்று முடிந்தது. நீதியின்றி ஒப்புரவு பேசுவதைக் கள்ள ஒப்புரவென்று அந்நாட்டின் கறுப்பினக் குருமாரும் இறையியலாளரும் 1985லேயே கைரோஸ் அறிக்கையில் எச்சரித்திருந்தார்கள். எனினும் அங்கே உண்மையாவது பெருமளவு வெளிவந்தது. இங்கோ உண்மைக்கு முன்னரே மன்னிப்புக் கேட்கப்படுகிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சியோன் தேவாலயம், கொழும்பின் விடுதிகள். 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். சியோனில் மாண்டவர்களுள் ஞாயிறு வகுப்பு முடித்து வந்த சிறுவர்கள் பலர். அடுத்த ஆண்டு உயிர்ப்பு நாளில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். பழிவாங்கல் கூடாது என்ற அளவில் அது பெருஞ்செயல். இந்நாட்டு வரலாற்றை அறிந்தவர் எவரும் அதனை இலேசாக மதிக்கமாட்டார். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. யார் திட்டமிட்டார்கள், முன்னெச்சரிக்கை கிடைத்தும் யார் வாளாவிருந்தார்கள் என்று கேட்டு 2021 மார்ச்சில் கறுப்பு ஞாயிறு அனுட்டிக்கச் செய்தார். பலமுறை அவருடைய கருத்துக்களோடு எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. இவ்விடயத்திலோ அவர் ஒரு பேதத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். பகையை விடுவது வேறு. பொறுப்பை விடுவிப்பது வேறு. முன்னையது பாதிக்கப்பட்டவனின் இதயத்துக்குரியது. பின்னையதை அவனுக்குப் பதிலாக வேறெவரும் செய்ய உரிமையில்லை.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்தில் பத்துக் கோடி ரூபா ஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ், உளவு, பாதுகாப்புத் துறைகளின் தலைமையில் இருந்தவர்கள்மீதும் ஈடு விதிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் அவர் கத்தோலிக்க மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பிறர் செய்த குற்றத்துக்காகத் தாம் கேட்பதாகவும் சொன்னார். எழுபது ஆண்டுகளுக்கு மேலான சுதந்திர இலங்கையில் எத்தனை வாக்குறுதிகள், எத்தனை ஆணைக்குழுக்கள்! ஆனால் ஓர் அரசுத் தலைவனின் சட்டைப்பையிலிருந்து பணம் போகவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோதுதான் மன்னிப்பு என்ற சொல் வாயில் வந்தது. லாஸ் காசாஸ் நொத்தாரிசை முதலில் அழைத்ததன் காரணம் இதுவே. பணம் உயிருக்கு ஈடாகாது என்பது உண்மை. உயிருக்கு ஈடாகாது என்ற அதே காரணத்தைச் சொல்லிப் பணத்தையும் கொடாமல் விடுவது நம் நாட்டு மரபு.

2025ஆம் ஆண்டு நினைவு நாளில், அன்று மாண்ட கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்களை விசுவாசச் சாட்சிகளின் பதிவில் வத்திக்கான் சேர்த்திருப்பதாக அறிவிக்கப்பட்டது. குடும்பத்தாருக்கு அது ஆறுதல். அதனைப் பழிக்க நான் யார்? ஆனால் சாட்சி என்ற சொல்லுக்கு நீதிமன்றத்திலும் ஒரு பொருள் உண்டு. அவர்களைப் பலிபீடத்துக்கு உயர்த்துவதோடு வழக்கேட்டை மூடிவிட எவரேனும் முனைவாராயின், பிலாத்துவின் பாத்திரம் மறுபடியும் மேடைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

என் வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டென்பதை அறிவேன். அதைக் குருவானவர் ஒருவரே என்னிடம் சொன்னார். "சிலுவையில் தொங்கின நல்ல கள்ளன் யாருக்கு என்னத்தைத் திருப்பிக் கொடுத்தவன்? அவனுக்கு அண்டைக்கே பரகதி கிடைக்கேல்லையோ?" நல்ல கேள்விதான். லூக்காவை மறுபடி எடுத்து வாசித்தேன். அக்கள்ளன் தன் தண்டனை நியாயமானது என்று முதலில் ஒப்புக்கொள்கிறான். பக்கத்தில் தொங்குபவர் குற்றமற்றவர் என்று சாட்சி சொல்கிறான். தன்னை நினைக்கும்படி கேட்கிறானேயன்றி, இறக்கிவிடும்படி கேட்கவில்லை. திருப்பிக் கொடுப்பதற்கு அவனிடம் எதுவும் மிச்சமிருக்கவில்லை. கொடுக்கும் கையும் மரத்தோடு அறையப்பட்டிருந்தது.

1545 தபசு காலத்தில் சியாப்பாசின் சியுதாத் ரியல் நகரத்துப் பிரபுக்கள், ஆயர் தமக்குப் பாவப்பொறுத்தல் தர மறுக்கிறார் என்று கூக்குரலிட்டார்கள். அவர்களிடம் வீடுகள் இருந்தன, நிலங்கள் இருந்தன, அடிமைகள் இருந்தனர். அவர்களுடைய கைகளில் ஆணி ஏதும் அறையப்பட்டிருக்கவில்லை.